[க-ன] என்று எழுதினால் பாதி மெய் காணோம்: அகரவரிசைப்படி எழுத்து வீச்சு அமைக்கும் வழி

தமிழ்ப் பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் "க முதல் ன வரை சொல்லு" என்றால் பதினெட்டு மெய்யையும் மூச்சுவிடாமல் ஒப்பித்துவிடும். அதையே [க-ன] என்று ரெஜெக்ஸில், அதாவது உரையில் எழுத்துக் கோலங்களைத் தேடும் குறிமுறையில், எழுதி ஒரு பெயர்ப் பட்டியலில் ஓடவிட்டுப் பாருங்கள். ப, ம, ய, ர, ல, வ, ழ, ள, ற ஆகிய ஒன்பதும் அகப்படாது. பதினெட்டில் சரிபாதி போச்சு. போதாக்குறைக்கு, யாரும் கூப்பிடாத ஜ உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும். இவ்வளவு நடந்தும் கணினி வாய் திறக்காது.

[ய-ன] என்று எழுதினால் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. வீச்சின் தொடக்கம் முடிவைவிடப் பெரிதாக இருக்கிறது என்று சொல்லி நிரல் அங்கேயே நின்றுவிடும். நிற்கிற நிரலைத் திருத்திவிடலாம். பேசாமல் ஒன்பது எழுத்தை விழுங்குகிற நிரல்தான் ஆபத்து.

இந்தக் கட்டுரை மொரீஷியஸில் கோவில் சங்கத்துக்கோ, மாலைநேரத் தமிழ் வகுப்புக்கோ, சின்ன நூலகத்துக்கோ பட்டியல் தயாரிக்கும் புதியவர்களுக்காக. ஏதாவது ஒரு கணினிமொழியில் சிறு நிரல் எழுதத் தெரிந்தால் போதும். எடுத்துக்காட்டாகத் தைப்பூசக் காவடிக்கான பெயர்ப் பதிவை வைத்துக்கொள்வோம். கூட்டம் அதிகம், மேசை நான்கு. "அ முதல் ஔ வரை முதல் மேசை, க முதல் ஞ வரை இரண்டாவது மேசை" என்று பிரிக்க வேண்டும். அந்த 'முதல்… வரை' என்பதைக் கணினி நம் அகரவரிசைப்படி புரிந்துகொள்ள வேண்டும். வேலை இவ்வளவுதான்.

எண் வரிசை வேறு, அகரவரிசை வேறு

யூனிகோடில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. க என்பது 2965, ச 2970, ஜ 2972, ந 2984, ன 2985, ப 2986, ய 2991, ர 2992, ற 2993, ல 2994, ள 2995, ழ 2996, வ 2997. கடைசியில் ஹ 3001. வீச்சுக் குறியை, அதாவது நடுவில் கோடு போட்ட சதுர அடைப்பைக் கண்டால், பெரும்பாலான நிரல்கள் இந்த எண்ணை மட்டும்தான் பார்க்கும். [க-ன] என்றால் 2965 முதல் 2985 வரை. ப 2986 என்பதால் ஒரே ஓர் எண்ணில் கோட்டுக்கு வெளியே நின்றுவிட்டது.

ன ஏன் ந-வின் பக்கத்திலும், ற ஏன் ர-வின் பக்கத்திலும் போய் நிற்கின்றன? யூனிகோடின் தமிழ்ப் பகுதி இந்தியாவின் இஸ்கி குறியேற்றத்தின் அமைப்பைப் பின்பற்றியது. இஸ்கியில் இந்திய எழுத்துமுறைகள் எல்லாவற்றுக்கும் ஒரே சட்டகம். சட்டகத்தின் அடிப்படை தேவநாகரி ஒழுங்கு. அதில் ன, ற, ழ மூன்றும் ந, ர, ள ஆகியவற்றின் புள்ளி வைத்த வடிவங்கள் போல அடுத்தடுத்து இடம் பிடித்தன. க-வுக்கும் ங-வுக்கும் நடுவே 2966, 2967, 2968 மூன்றும் காலியாகக் கிடப்பதும் இதனால்தான்; வடமொழியின் வர்க்க எழுத்துகளுக்கான இடங்கள் அவை. தமிழ்நாடு அரசு 2010-இல் ஏற்ற டேஸ்16 குறியேற்றத்தில் அகரவரிசை ஒழுங்காக அமைந்திருந்தது. ஆனால் நம் கைப்பேசியும் உலாவியும் பேசுவது யூனிகோடைத்தான். அதோடுதான் குடித்தனம் நடத்த வேண்டும்.

எவ்வளவு தூரம் விலகல் என்று பார்க்க நான்கு சொற்கள் போதும். அகரவரிசையில்: பழம், பள்ளம், பறவை, பனி. எண் வரிசையில்: பனி, பறவை, பள்ளம், பழம். அப்படியே தலைகீழ்.

கணினியின் மொழியைத் தமிழாக மாற்றினால் போதாதா?

புதியவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது, நியாயமான கேள்வியும்கூட. கணினியில் மொழி, நாடு அமைப்பு ஒன்று இருக்கிறது. நாள், பணம், அகரவரிசை எல்லாம் அதன்படிதானே மாறுகின்றன? வீச்சும் மாறாதா?

ஒரு காலத்தில் மாறியது. யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்கான பழைய போசிக்ஸ் தரத்தில், வீச்சு என்பது அந்தந்த மொழியின் வரிசைப்படி அமைய வேண்டும் என்றுதான் இருந்தது. ஆங்கிலத்திலேயே அது வம்பாகிவிட்டது. அகராதி வரிசையில் சிற்றெழுத்தும் பேரெழுத்தும் மாறி மாறி வருவதால், சிற்றெழுத்துக்கு மட்டும் என்று எழுதிய வீச்சில் பேரெழுத்துகளும் நுழைந்தன. கோப்புகளை அழிக்கும் கட்டளையில் இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். 2008-ஆம் ஆண்டுத் தரம், அடிப்படை அமைப்புக்கு வெளியே வீச்சின் பொருளை வரையறுக்காமல் விட்டுவிட்டது. உரைக் கோப்புகளை அலசும் காக் கருவியின் 2011-இல் வந்த 4.0 பதிப்பு எண் வரிசைக்கே திரும்பிவிட்டது. மற்ற கருவிகள் பலவும் அந்த வழிக்கு வந்துவிட்டன. என் கருத்தில் அது சரியான முடிவு. மொழிக்கு மொழி, கணினிக்குக் கணினி பொருள் மாறும் வீச்சை நம்பி யாரும் நிரல் எழுத முடியாது.

ஆக, மொழி அமைப்பைத் தமிழாக்கினால் பட்டியல் அடுக்கும் வரிசை மாறலாம்; சதுர அடைப்புக்குள் இருக்கும் வீச்சு மாறும் என்று எதிர்பார்க்காதீர்கள். சொல்லப்போனால் மொரீஷியஸ் தமிழ் என்று தேர்ந்தெடுக்கக்கூட வழியில்லை. பொதுவாகப் பயன்படும் மொழித் தரவுத் தொகுப்பில் மொரீஷியஸுக்கு ஆங்கிலம், பிரெஞ்சு, கிரியோல் மூன்றும் உண்டு. தமிழ் இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளின் பெயரில் இருக்கிறது. இந்தியத் தமிழை எடுத்துக்கொள்ளுங்கள், அகரவரிசைக்கு ஒரு குறையும் வராது.

சி மொழிக்காரர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை

சி மொழியில் ஸ்கேன்எஃப் என்ற உள்ளீட்டுச் செயற்கூற்றை வைத்துப் பெயரைப் படிப்பவர்கள் %[க-ஹ] என்று எழுதிப் பார்ப்பார்கள். அங்கே நிலைமை இன்னும் மோசம். அந்தக் கோட்டுக்கு வீச்சு என்ற பொருள் உண்டா என்பதையே சி மொழித் தரம் அந்தந்த நூலகத்தை எழுதுபவர்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. வீச்சாக எடுத்துக்கொண்டாலும் அது எழுத்தைப் பார்க்காது, பைட்டைப் பார்க்கும்.

யூனிகோடு எண்ணைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். க என்றால் 224, 174, 149. ஹ என்றால் 224, 174, 185. இரண்டுக்கும் நடுவில் கோடு போட்டால் கோட்டின் இடப்பக்கம் இருப்பது 149, வலப்பக்கம் இருப்பது 224. ஆக 149 முதல் 224 வரை எந்த பைட் வந்தாலும் சரி என்று ஆகிவிடுகிறது. இப்போது ஒருவர் வீரப்பன் என்று தட்டச்சுகிறார். வ-வின் மூன்று பைட்டும் (224, 174, 181) உள்ளே போகும். அடுத்து ஈகாரக் குறி: 224, 175, 128. முதல் இரண்டும் உள்ளே, 128 வெளியே. உங்கள் கையில் கிடைப்பது ஒரு வ, அதன் வாலில் அரைகுறை எழுத்து ஒன்று. மீதி 128 அடுத்த முறை படிக்கும்போது தலைகாட்டும். அதே நேரத்தில் தேவநாகரி ந முழுசாக (224, 164, 168) உள்ளே வந்துவிடும். தமிழை வெட்டிவிட்டு இந்தியை உள்ளே விடும் வடிகட்டி!

இதற்கு வழி, வீச்சைக் கொண்டு படிக்காமல் இருப்பதுதான். முழு வரியையும் அப்படியே வாங்கிக்கொள்ளுங்கள். பைட்டை எழுத்துக் குறிகளாக மாற்றுங்கள். அப்புறம் சோதியுங்கள். சி மொழியின் அகல எழுத்துச் செயற்கூறுகள் பைட் வெட்டுப்படும் தொல்லையைத் தீர்க்கும். அகரவரிசைத் தொல்லையைத் தீர்க்காது.

முதல் படி: வரிசையைத் தாளில் எழுதுங்கள்

நிரலைத் திறப்பதற்கு முன் இதை முடித்துவிட வேண்டும். உயிர் பன்னிரண்டு, பிறகு ஃ, பிறகு க ங ச ஞ ட ண த ந ப ம ய ர ல வ ழ ள ற ன. இதில் யாருக்கும் சண்டை இல்லை. சண்டை வருவது கிரந்தத்தில். ஜ, ஶ, ஷ, ஸ, ஹ, க்ஷ ஆகியவற்றை ன-வுக்குப் பின்னால் வைப்பதா, ஜ-வைச் ச-வின் பக்கத்தில் வைப்பதா? ஜெயலட்சுமியம்மா எந்த மேசைக்குப் போவார்? வயதானவர்கள் ச வரிசையில் தேடுவார்கள், வகுப்பில் படித்த பிள்ளைகள் கடைசியில் தேடுவார்கள். நான் கடைசியில்தான் வைப்பேன். யூனிகோடின் பொது அகரவரிசையிலும் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் மேசைப் பலகையில் 'ய – ன' என்பதோடு நிறுத்தாமல் 'ஜ, ஷ, ஸ, ஹ' என்று பெரிதாக எழுதி ஒட்டச் சொல்வேன்.

எதுவானாலும் சங்கத்தில் உள்ளவர்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். வரிசை என்பது இந்த ஊரில் சின்ன விஷயம் இல்லை. 1998-இல் வெளியான மொரீஷியஸ் ரூபாய் நோட்டுகளில் தமிழ் எழுத்து வழக்கமான இடத்திலிருந்து இந்திக்குப் பின்னால் தள்ளப்பட்டதற்குத் தமிழர்களிடமிருந்து எழுந்த எதிர்ப்பில், அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்று, 1999-இல் பழைய வரிசையோடு புதிதாக அச்சிட்டார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மக்களின் அடையாள அட்டையில் பெயர் இருப்பது பிரெஞ்சுச் சாயல் கொண்ட ரோமன் எழுத்தில். அந்த எழுத்தில் குப்புசாமியும் சின்னப்பனும் ஒரே எழுத்தில் தொடங்குவார்கள். அடுத்தடுத்து நின்று பழகியவர்கள். தமிழில் ஒருவர் க, இன்னொருவர் ச. பட்டியலை எந்த எழுத்தில் அடுக்கப் போகிறீர்கள் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ரோமன் பட்டியல் என்றால் அதிலும் வீச்சுத் தொல்லை உண்டு: ரிவியேர் டு ரெம்பார் மாவட்டத்தின் பெயரில் வரும் குறி போட்ட எழுத்தின் எண் 232. ரோமன் சிற்றெழுத்துகள் 97 முதல் 122 வரைதான். சாதாரண வீச்சு வைத்துச் சோதித்தால் ஒரு மாவட்டமே செல்லாத பெயராகிவிடும்.

இரண்டாம் படி: வந்த உரையைச் சுத்தம் செய்யுங்கள்

பதிவுப் படிவம் கைப்பேசியிலிருந்து வரும், பழைய ஆவணத்திலிருந்து ஒட்டியதாக வரும், யாரோ அனுப்பிய செய்தியிலிருந்தும் வரும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது உள்ளே இரண்டாக இருக்கும்.

ஒகரக் குறியை எடுத்துக்கொள்ளுங்கள். கொ என்பதில் வருவது 3018 என்ற ஒரே குறியாக இருக்கலாம், அல்லது 3014-உம் 3006-உம் சேர்ந்த சோடியாக இருக்கலாம். இரண்டும் செல்லும். யூனிகோடு இயல்பாக்கம், அதிலும் என்எஃப்சி வடிவம், இவற்றை ஒன்றாக்கிவிடும். ஏறத்தாழ எல்லாக் கணினிமொழிகளிலும் இது ஒரே வரி வேலை. முதலில் அதைச் செய்யுங்கள்.

இயல்பாக்கம் தீர்க்காதது ஔகாரம். ஔவை என்பதை ஒ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டச்சுபவர்கள் ஏராளம். கௌதம் என்பதையும் கெ, ள, த என்று அடிப்பார்கள். திரையில் வித்தியாசம் தெரியாது. வரிசையில் தெரியும்: ஔ கடைசி உயிர், ஒ பத்தாவது. சரி, ஒள வந்தால் ஔ என்று மாற்றிவிடலாமா? அவசரப்படாதீர்கள். ஒளி என்ற சொல்லும், கெளுத்தி என்ற மீனும் இருக்கின்றன. ள-வுக்குப் பின்னால் உயிர்க்குறியோ புள்ளியோ இருந்தால் அது உண்மையான ள. ஒன்றும் இல்லாமல் மொட்டையாக நின்றால் சந்தேகப்படலாம். அப்போதும் தானாக மாற்றாமல், ஒரு மனிதர் பார்ப்பதற்கு ஒதுக்கி வையுங்கள். மக்கள் பெயர் விஷயத்தில் நிரலுக்கு அவ்வளவு உரிமை கொடுக்கக் கூடாது.

ஸ்ரீ இன்னொரு மாயம். ஶ என்ற எழுத்து யூனிகோடில் 2005-இல்தான், 4.1 பதிப்பில், சேர்ந்தது. அதற்கு முன் எழுதியவர்கள் ஸ வைத்துத்தான் எழுதினார்கள், இன்றும் பலர் அப்படித்தான். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவமாகத் தெரியும். வரிசைக்காக இரண்டில் ஒன்றைத் தேர்ந்து அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணுக்கே தெரியாத குறிகள் உண்டு. 8203, 8204, 8205 ஆகிய எண்கள் வந்தால் நீக்கிவிடுங்கள். தமிழ் எண்களையும் கவனியுங்கள். ரூபாய் நோட்டிலேயே தமிழ் எண் இருக்கும் நாடு இது, யாராவது தட்டச்சினால் வியப்பில்லை. ௧ என்ற எண்ணும் க என்ற எழுத்தும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஒன்று 3047, மற்றது 2965. எண்களுக்கு [௦-௯] என்ற வீச்சு ஒழுங்காகவே வேலை செய்யும், ஏனென்றால் அவை 3046 முதல் 3055 வரை வரிசையாக இருக்கின்றன. பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றுக்கான ௰, ௱, ௲ அதற்குள் அடங்காது.

முக்கியமான ஒன்று: இந்தச் சுத்தம் எல்லாம் ஒரு நகலில் நடக்கட்டும். அவர் தட்டச்சிய பெயர் அப்படியே இருக்க வேண்டும். வரிசைக்கான சாவி தனி, அச்சிடும் பெயர் தனி.

மூன்றாம் படி: குறிகளை எழுத்தாகச் சேருங்கள்

நமக்குக் கா ஓர் எழுத்து. கணினிக்கு அது க, கால் என்று இரண்டு குறி. அகரவரிசை நம் எழுத்தை வைத்துத்தான், எனவே குறிகளை முதலில் கோர்க்க வேண்டும். பைத்தானில் சொல் எழுத்துகளுக்கான குறுக்கத்தை (\w) நம்பி இதைச் செய்யாதீர்கள். அதன் உள்ளமைந்த ரெஜெக்ஸ் உயிர்க்குறியையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாக எண்ணாது. தமிழ் என்ற சொல்லைக் கொடுத்தால் தம, ழ என்று இரண்டு துண்டாகத் திருப்பித் தரும். நாமே எழுதிக்கொள்வது நல்லது:

க்ஷ[ா-்]?|[க-ஹ][ா-்]?|[அ-ஔ]|ஃ

இடமிருந்து வலமாக: முதலில் க்ஷ குடும்பம், அடுத்து மெய்யோடு ஒரு குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அடுத்து உயிர், கடைசியில் ஆய்தம். க்ஷ முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போட்டால் லக்ஷ்மியில் உள்ள க்ஷ, க் என்றும் ஷ் என்றும் பிரிந்துவிடும். இந்த வரியில் மட்டும் எண் வரிசை வீச்சைத் தைரியமாகப் பயன்படுத்தலாம். இங்கே கேள்வி 'இது மெய்யா' என்பதுதான், 'எது முன்னால்' என்பது அல்ல. 2965 முதல் 3001 வரை மெய் தவிர வேறெதுவும் இல்லை, காலி இடங்களால் கெடுதலும் இல்லை.

தனியாக நிற்கும் கால், புள்ளி போன்றவற்றை நிரல் கோப்பில் நேரடியாகத் தட்டச்சினால், திருத்தியில் அவை பக்கத்து அடைப்புக்குறியோடு ஒட்டிக்கொண்டு கண்ணைக் குழப்பும். 3006 முதல் 3021 வரை என்று எண்ணாகவே எழுதிவிடுங்கள். உங்களுக்குப் பின் அந்தக் கோப்பைத் திறப்பவர் வாழ்த்துவார்.

நான்காம் படி: ஒவ்வோர் எழுத்துக்கும் வரிசை எண்

இதுதான் நடுநாயகம். உயிர்களுக்கு 1 முதல் 12. ஆய்தத்துக்கு 13. மெய்களுக்கு 0 முதல் 17 வரை ஓர் இட எண் கொடுங்கள்: க 0, ங 1, ச 2 என்று தொடங்கி ன 17. ஒவ்வொரு மெய்யிலும் பதின்மூன்று வடிவம்: புள்ளி வைத்தது 0, அகரம் 1, ஆகாரம் 2, இப்படி ஔகாரம் 12. கணக்கு இது:

வரிசை எண் = 14 + மெய்யின் இட எண் × 13 + உயிரின் எண்

க் 14, க 15, கா 16, கௌ 26, ங் 27. போய்க்கொண்டே இருந்தால் கடைசி எழுத்து னௌ எத்தனையில் முடிகிறது? 14 + 221 + 12 = 247. நம் 247 எழுத்தும் 1 முதல் 247 வரை இடைவெளியே இல்லாமல் உட்கார்ந்துவிடுகின்றன. நன்னூல் படித்தவர்களுக்கு இதில் ஒரு சின்ன மகிழ்ச்சி இருக்கும்.

கிரந்தத்துக்கும் அதே கணக்கு, 248-இல் தொடங்கும்: ஜ் 248, ஶ் 261, ஷ் 274, ஸ் 287, ஹ் 300, க்ஷ் 313. எல்லாம் 325-இல் முடிந்துவிடும்.

புள்ளி எழுத்தை ஏன் அகரத்துக்கு முன் வைக்க வேண்டும்? அகராதிப்படி பக்கம் முன்னால், பகல் பின்னால். பக்கம் என்பது 119, 14, 15, 131. பகல் என்பது 119, 15, 170. இரண்டாம் எழுத்திலேயே 14 முந்திக்கொள்கிறது. யூனிகோடு எண்ணை நம்பினால் புள்ளியின் எண் 3021, ல-வின் எண் 2994, பகல்தான் முந்தும். தமிழில் பாதிச் சொல்லில் புள்ளி இருக்கும்போது இது சின்னப் பிழை இல்லை.

ஐந்தாம் படி: வீச்சைப் படித்துப் பொருள் கொள்ளுங்கள்

இப்போது 'க-ஞ' என்று யாரோ அமைப்புப் பெட்டியில் எழுதியிருக்கிறார். அதை உங்கள் நிரல் பிரித்துப் படிக்க வேண்டும். நடுவில் இருக்கும் கோடு எந்தக் கோடு? விசைப்பலகையின் சாதாரணக் கோடு 45. கைப்பேசியும் ஆவணத் திருத்தியும் தாமாகவே நீட்டிவிடும் கோடு 8211 அல்லது 8212. மூன்றையும் ஏற்றுக்கொள்ளுங்கள், இருபக்க இடைவெளியையும் கத்தரித்துவிடுங்கள்.

அடுத்தது, பலரும் யோசிக்காமல் விடுவது. 'க-ஞ' என்றால் ஞ என்ற ஒற்றை எழுத்தோடு நிறுத்தவா, ஞானம் என்ற பெயரையும் சேர்க்கவா? எழுதியவர் நினைத்தது நிச்சயம் ஞ குடும்பம் முழுவதையும்தான். கணக்குப்படி ஞ 54, ஞா 55. அப்படியே ஒப்பிட்டால் ஞானம் வெளியே போய்விடுவார். எனவே நான் வைத்துக்கொள்ளும் விதி: இரு முனையும் அகர மெய்யாக இருந்தால் குடும்ப வீச்சு, தொடக்கத்தைப் புள்ளி எழுத்துக்கு இறக்கு, முடிவை ஔகாரத்துக்கு ஏற்று. 'க-ஞ' என்பது 14 முதல் 65 வரை ஆகிவிடும். யாராவது 'கா-கூ' என்று குறிப்பாக எழுதினால் அது எழுத்து வீச்சு: 16 முதல் 20 வரை, அவ்வளவே. ஒரு முனை அப்படி, மறுமுனை இப்படி என்றால் மறுத்துவிட்டு விளக்கம் கேளுங்கள். ஊகிக்க வேண்டாம்.

தொடக்கம் முடிவைவிடப் பெரிதாக இருந்தாலும் மறுத்துவிடுங்கள். பேசாமல் திருப்பிப் போட்டுக்கொள்ளும் நிரல் உதவி செய்வதாக நினைத்து உபத்திரவம் செய்யும்.

பிறகு சோதனை எளிது. பெயரின் முதல் எழுத்தின் வரிசை எண், தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவில் இருக்கிறதா? இருந்தால் அந்த மேசை.

ரெஜெக்ஸ்தான் வேண்டும், ஏற்கெனவே இருக்கும் கருவி அதைத்தான் ஏற்கும் என்றால், வீச்சை விரித்து எழுதுங்கள். [க-ன] என்பதற்குப் பதில் [கஙசஞடணதநபமயரலவழளறன]. அழகாக இருக்காது. ஆனால் எந்தக் கணினியிலும், எந்த மொழி அமைப்பிலும் ஒரே பொருள். உங்கள் வரிசைப் பட்டியலிலிருந்து இதை நிரலே உருவாக்கித் தரட்டும், கையால் தட்டச்சினால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும்.

ஆயத்த நூலகம் இருக்கிறதே?

இருக்கிறது. ஐசியு என்ற யூனிகோடு நூலகமும், உலாவிகளில் உள்ள மொழிவாரி ஒப்பீட்டுக் கருவியும் தமிழ் வரிசையில் சொற்களை அடுக்கித் தரும். பட்டியல் அடுக்க மட்டும் என்றால் அவற்றையே பயன்படுத்துங்கள், வேலை மிச்சம். நம்புவதற்கு முன் பக்கம், பகல் இரண்டையும் கொடுத்துப் பாருங்கள். பக்கம் முன்னால் வந்தால் அந்தப் பதிப்பு புள்ளியைச் சரியாகக் கையாளுகிறது. வீச்சுக்கும் அதே கருவியை வளைக்கலாம்: பெயரின் முதல் எழுத்து தொடக்கத்துக்குப் பின்னும் முடிவுக்கு முன்னும் வருகிறதா என்று இரண்டு ஒப்பீடு. ஆனால் ஐசியுவின் ரெஜெக்ஸ் பகுதி எண் வரிசையைத்தான் பார்க்கும். ஒரே நூலகத்தில் இருக்கிறது என்பதற்காக அதுவும் அகரவரிசை அறியும் என்று எண்ணிவிடாதீர்கள்.

ஆறாம் படி: மேசைகளுக்கு நடுவே ஓட்டை இருக்கிறதா?

வரிசை எண் கையில் இருப்பதால் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். நான்கு மேசைகள்: 'அ-ஔ', 'க-ஞ', 'த-ம', 'ய-ன'. எண்ணாக மாற்றுங்கள்: 1–12, 14–65, 92–143, 144–247. 13 விட்டுப்போனது ஆய்தம். பெயர் அதில் தொடங்காது, போகட்டும். 66 முதல் 91 வரை? அது ட, ண குடும்பங்கள். தமிழ்ச் சொல் அவற்றில் தொடங்காது என்று இலக்கணம் சொல்லும். காவடிப் பட்டியலுக்கு அது பொருந்தவும் கூடும். ஆனால் இதே நிரலைத் தமிழ் வகுப்புச் சேர்க்கைக்கு எடுத்தால் டேவிட்டும் டேனியலும் வருவார்கள்; அவர்களுக்கு மேசையே இல்லை. இரண்டாவது மேசையை 'க-ண' என்று நீட்டினால் 14–91 ஆகி ஓட்டை அடைபடும். நான்காவது மேசையோடு 'ஜ-க்ஷ', அதாவது 248–325, சேர வேண்டும். ஒரு மேசைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வீச்சு கொடுக்கும் வசதியைத் தொடக்கத்திலேயே வைத்துவிடுங்கள்.

எந்த வீச்சிலும் சிக்காத பெயரை நிரல் தூக்கி எறியக் கூடாது. 'பார்க்க வேண்டியவை' என்று ஒரு தனிப் பட்டியல், அதில் ரோமன் எழுத்தில் வந்த பெயர், ௧ கலந்த பெயர், மொட்டை ள கொண்ட பெயர் எல்லாம் சேரட்டும். பதிவு நாளுக்கு முன் ஒருவர் உட்கார்ந்து பார்த்தால் முடிந்துவிடும்.

சோதனைக்கு ஒரு கைப்பிடி

நிரலை ஒவ்வொரு முறை மாற்றும்போதும் கீழே உள்ளவற்றை ஓடவிடுங்கள்.

பழம், பள்ளம், பறவை, பனி: இதே வரிசையில் வர வேண்டும். எண்கள் இரண்டாம் எழுத்தில் 197, 209, 223, 238.

பக்கம், பகல்: பக்கம் முன்னால்.

'ய-ன' ஏற்கப்பட வேண்டும், 'ன-ய' மறுக்கப்பட வேண்டும்.

'க-ன' வீச்சில் முத்துசாமி உள்ளே, ஜெயா வெளியே.

ஞானம் 'க-ஞ' வீச்சுக்குள்.

கொ என்பதை ஒரே குறியாகவும் சோடியாகவும் கொடுத்தால் இரண்டுக்கும் 24 வர வேண்டும்.

ஒளி என்ற சொல் ஔ ஆகிவிடாமல் ஒ வரிசையிலேயே இருக்க வேண்டும்.

வீரப்பன் வெட்டுப்படாமல் ஐந்து எழுத்தாக வர வேண்டும்: வீ, ர, ப், ப, ன்.

லக்ஷ்மியில் மூன்று எழுத்து: ல, க்ஷ், மி. நான்கு வந்தால் மூன்றாம் படியில் உள்ள வரியில் க்ஷ பின்னால் போயிருக்கிறது.